நுரையீரலுக்குள் உறையும் ரத்தம்

மலாயாவில் வணிகத்துக்காக ரப்பர் பயிரிட்ட முதல் தோட்டம் மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில், 1896இல் டான் சாய் யான் தொடங்கியது. ஜாசின், அலோர் காஜா பக்கம் பால் வெட்டிய குடும்பங்களுக்கு உறைதல் பழகிய விஷயம். ஸ்டோருக்குப் போகும்வரை பால் கட்டிவிடாதிருக்க மங்கில் சில சொட்டு அமோனியா; ஸ்டோரில் உறையவைக்க ஃபார்மிக் அமிலம். ரத்தமும் அப்படித்தான்: காயத்தில் உறைய வேண்டும், குழாய்க்குள் ஓட வேண்டும்.

2020இல் கோவிட்-19 இந்தக் கணக்கைக் குலைத்தது. நெதர்லாந்தில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 184 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். உறைவுத் தடுப்பு மருந்து எல்லோருக்கும் கொடுக்கப்பட்டிருந்தது. இருந்தும் 31 விழுக்காட்டினருக்கு ரத்தக்குழாய் அடைப்பு. பெரும்பாலும் நுரையீரல் தமனியில். நோயில் இறந்த ஏழு பேரின் நுரையீரலைப் பரிசோதித்த இன்னோர் ஆய்வில், இன்ஃபுளுவென்சாவில் இறந்தவர்களைவிட நுண்குழாய் அடைப்பு ஒன்பது மடங்கு அதிகமாகத் தெரிந்தது.

ரத்தக்குழாயின் உட்சுவர் சாதாரணமாக உறைதலைத் தடுத்துக்கொண்டே இருக்கும். கிருமியை எதிர்க்க எழும் கடும் அழற்சி அந்தச் சுவரையே புண்ணாக்குகிறது. வெள்ளணுக்கள் தம் டிஎன்ஏவை வலையாக வீச, தட்டணுக்கள் அதில் சிக்குகின்றன. கல்லீரல் ஃபைப்ரினோஜெனை அதிகமாகச் சுரக்கிறது. போதாததற்கு நோயாளி அசையாமல் படுத்திருக்கிறார். உறைந்த கட்டி கரையும்போது உடையும் துணுக்குதான் டி-டைமர். அதன் அளவு ஏறினால் மருத்துவர்கள் எச்சரிக்கையாவார்கள்.

கைகொடுக்கும் மருந்து ஹெப்பாரின். 1916இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மாணவராயிருந்த ஜே மெக்லீனின் ஆய்விலிருந்து வந்தது. இன்று பெரும்பாலும் பன்றிக்குடலிலிருந்து எடுக்கப்படுவதால், மலேசியாவில் முஸ்லிம் நோயாளிகளுக்கு செயற்கையாகத் தயாராகும் ஃபொண்டாபாரினக்ஸ் மாற்றாக உதவுகிறது.

எவ்வளவு கொடுப்பது? அங்கேதான் வியப்பு. 2021இல் வெளியான பன்னாட்டுச் சோதனைகளில், வார்டில் இருந்த, நடுத்தரப் பாதிப்புள்ள நோயாளிகளுக்கு முழு அளவு ஹெப்பாரின் பலன் தந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட்டவர்களுக்கோ அந்த முழு அளவு மருந்து உதவவில்லை. அடைப்பும் அழற்சியும் முற்றிய பிறகு மருந்து தாமதமாகிவிடுகிறது என்பது ஒரு விளக்கம். அளவு கூடினால் ரத்தக்கசிவு அபாயமும் கூடும். ஆகவே இது வீட்டில் தானாக எடுத்துக்கொள்ளும் மருந்தல்ல.

மலேசிய இந்தியர்களிடையே இனிப்பு நீர் அதிகம். அந்நோய் உள்ளவர்களுக்குக் கோவிட் கடுமையாகும் வாய்ப்பும் அதிகம். வீடு திரும்பிய பிறகும் சில வாரங்களுக்கு அடைப்பு வரக்கூடும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.