கற்கும் கையும் கருவியும்: வின்சென்ட் வான் கோவின் வரைகலைப் பயிற்சிக் காலம் (1880–1883)

ஆய்வுச் சுருக்கம்

ஓவியர் வின்சென்ட் வான் கோ 1880 முதல் 1883 வரை மேற்கொண்ட வரைகலைப் பயிற்சியை இக்கட்டுரை ஆராய்கிறது. அவர் கையாண்ட கருவிகளும் கூர்ந்து நோக்கிய பொருள்களும் பெரும்பாலும் தனித்தனியே விளக்கப்படுகின்றன. அவ்விரண்டும் ஒன்றையொன்று தீர்மானித்தன என்பதும், கருவி மாற்றங்கள் காண்பதில் நேர்ந்த இடர்ப்பாடுகளுக்குத் தேடிய விடைகளே என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வரைகலை, வான் கோ, கூர்நோக்கு, தோற்றச் சட்டம், கலைக்கல்வி.

முன்னுரை

ஓவியத் திறன் பிறவியிலேயே அமைவது என்னும் கருத்து பரவலானது. அதற்குச் சான்றாகக் காட்டப்படுவோருள் வான் கோவும் ஒருவர். ஆனால் அவர் ஓவியராவது என முடிவு செய்தபோது வயது 27. அதற்கு முன்னர் கலைப்பொருள் விற்பனை நிலையப் பணியாளர், பள்ளி உதவியாசிரியர், புத்தகக்கடை ஊழியர், சமயப் பணியாளர் எனப் பல நிலைகளில் இருந்தவர். 1890இல் 37ஆம் வயதில் மறைந்த அவருக்குக் கலைவாழ்வு என அமைந்தது ஏறத்தாழப் பத்து ஆண்டுகளே. அவற்றுள் முதல் மூன்று ஆண்டுகளைப் பெரும்பாலும் வரைதலுக்கே செலவிட்டார் என்பது கருதத்தக்கது. தம்பி தியோவுக்கு அவர் எழுதிய கடிதங்களுள் 600க்கும் மேற்பட்டவை எஞ்சியுள்ளன. தாள், பென்சில், மாதிரியாக அமர்ந்தோர், தோல்வியுற்ற முயற்சி ஆகியவை அவற்றில் தொடர்ந்து பேசப்படுவதால், ஒரு மாணவரின் வளர்ச்சியை அருகிருந்து காணும் வாய்ப்பு ஆய்வாளர்க்குக் கிட்டுகிறது.

படியெடுத்தலும் அளவறிதலும்

பெல்ஜியத்தின் போரினாஜ் சுரங்கப் பகுதியில் 1880இல் இப்பயிற்சி தொடங்கியது. அவர் முதலில் நாடியது ஷார்ல் பார்க் உருவாக்கிய வரைகலைப் பாடத் தொகுப்பை. ஓவியர் ஜெரோமின் துணையுடன் உருவான அத்தொகுப்பைக் கூப்பில் நிறுவனம் வெளியிட்டது. வான் கோ முன்னர்ப் பணியாற்றியதும் அதே நிறுவனத்தில்தான். தொகுப்பின் முதற்பகுதி பெரும்பாலும் பிளாஸ்டர் வார்ப்புகளின் படங்களைக் கொண்டது. இரண்டாம் பகுதி முன்னைய ஓவியர்தம் வரைவுகளைத் தருகிறது. இவற்றையடுத்து வெளிவந்த கரித்துண்டுப் பயிற்சிகள், மனித உடலைப் புறக்கோட்டால் காட்டும் 60 தாள்களாக அமைந்தன.

வளைவுகள் நிறைந்த ஓர் உருவை முதலில் சில நேர்கோடுகளாகச் சுருக்கிக் காண்பதும், அக்கோடுகளின் சாய்வையும் நீளத்தையும் ஒப்பிட்டபின் வளைவுகளை அமைப்பதும் பார்க் முறையின் அடிப்படை. கைக்குப் பயிற்சி அளிப்பதைவிடக் கண்ணுக்குப் பயிற்சி அளிப்பதே அதன் நோக்கம். 'கை' என அறிந்ததை வரையாமல், கண்முன் உள்ள கோணங்களை வரைய மாணவர் பழகுகிறார். வான் கோ 60 தாள்களையும் படியெடுத்து முடித்தார். கசாஞ் எழுதிய வரைகலைக் கையேடுகளின் துணையால் தூரத்தோற்ற விதிகளையும் பயின்றார். பிரஸ்ஸல்ஸ் நகரில் வான் ராப்பார்ட் என்னும் இளம் ஓவியரின் நட்பு வாய்த்தது. உடற்கூற்றுப் படங்களை வரைந்து பழகியதும் அந்நகரில்தான்.

படியெடுத்தலுக்கு எல்லை உண்டு. அச்சிட்ட தாளில் முப்பரிமாணம் ஏற்கெனவே இருபரிமாணமாக மாற்றப்பட்டுவிடுகிறது. அம்மாற்றத்தைத் தாமே செய்ய வேண்டிய நிலை, 1881இல் பெற்றோர் வாழ்ந்த எட்டன் சிற்றூருக்குத் திரும்பியபோது எழுந்தது.

உழைக்கும் உடலும் ஓவியக் கருவியும்

எட்டனில் நிலத்தைக் கொத்துவோரையும் விதைப்போரையும் துடைப்பத்துடன் நிற்கும் பெண்களையும் அவர் மீண்டும் மீண்டும் வரைந்தார். உழைப்பவரின் உடல் கல்விக்கூட மாதிரியின் உடலைப்போல் சமநிலையில் நிற்பதன்று. குனிந்த முதுகும் மண்வெட்டியில் இறங்கும் எடையும் அதன் இயல்பு. இவ்வெடையைக் காட்ட மெல்லிய புறக்கோடு போதவில்லை. எனவே அவர் பென்சிலோடு நிற்காமல் கரித்துண்டு, கோன்டே, நாணற் பேனா, தூரிகை ஆகியவற்றை நாடினார். உறவினரும் ஓவியருமான அந்தோன் மாவின் வழிகாட்டலும் 1881 இறுதியில் இதற்குத் துணைசெய்தது. நீர்வண்ணத்தையும் எண்ணெய் வண்ணத்தையும் முறையாகக் கையாள மாவ் அவருக்குக் கற்பித்தார்.

1882இல் தி ஹேக் நகருக்குக் குடிபெயர்ந்தபின் இவ்வுறவு முறிந்தது. பிளாஸ்டர் வார்ப்புகளைப் பார்த்து வரையுமாறு மாவ் வற்புறுத்தியதும், அதனைச் சினந்து மறுத்த வான் கோ வார்ப்புகளை உடைத்தெறிந்ததும் கடிதங்களால் அறியப்படுகின்றன. இதனை மரபுக்கும் புதுமைக்குமான மோதலாக மட்டும் கொள்வது பொருந்தாது. வார்ப்புகளின் படங்களைக் கொண்ட பார்க் தொகுப்பை விரும்பிப் பயின்றவர் அவரே. வார்ப்பின் வழி அளவறியும் ஒழுங்கை அவர் வெறுக்கவில்லை. உயிருள்ள உடலுக்கு மாற்றாக அது முன்வைக்கப்பட்டதையே ஏற்க மறுத்தார் எனக் கொள்வதே இரு செய்திகளுக்கும் பொருந்துகிறது.

தோற்றச் சட்டமும் நகர்க்காட்சியும்

தி ஹேக்கில் நோக்குபொருள் மாறியது. சிறிய தந்தை கொர்னெலிஸ் மரினஸ் 1882 மார்ச்சில் 12 நகர்க்காட்சிகளைத் தலா 2.50 கில்டர் விலையில் வரைந்து தரக் கேட்டார். கூரைகள், தச்சுக்கூடங்கள், வேலிகள் ஆகியவற்றின் விலகிச் செல்லும் கோடுகளைப் பிழையின்றி அமைக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டுக் கோடையில் தச்சரையும் கொல்லரையும் கொண்டு புதிய தோற்றச் சட்டம் ஒன்றைச் செய்வித்தார். நிலத்தில் ஊன்றத்தக்க இரு கழிகளில், வேண்டிய உயரத்தில் பொருத்தப்படும் சட்டம் அது. அதன் குறுக்கும் நெடுக்கும் மூலைவாட்டிலும் அமைந்த கோடுகளினூடே காட்சியை நோக்கி, அதே பகுப்பைத் தாளிலும் இட்டு வரைவது முறை. இத்தகைய கருவிகளை அல்பிரெக்ட் டியூரர் 1525இல் வெளியிட்ட அளவியல் நூலில் படங்களாகக் காட்டியுள்ளார்.

சட்டத்தைக் குறுக்குவழி எனக் கருத இடமுண்டு. ஆயினும் அது எங்கு நோக்க வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. காட்சியின் எல்லையையும் நோக்கும் உயரத்தையும் மாணவரே தெரிவு செய்தாக வேண்டும். கோடுகளின் சாய்வைச் சரிபார்க்கும் சுமையை மட்டும் சட்டம் குறைக்கிறது.

கருமையின் தேடல்

ஆங்கில இதழான 'தி கிராபிக்' வெளியிட்ட மரச்செதுக்குப் படங்களை வான் கோ ஆர்வத்துடன் சேகரித்தார். ஏழை எளியோரை அழுத்தமான கருமையில் காட்டிய அப்படங்களே அவருக்கு முன்மாதிரியாயின. சாதாரண பென்சிலின் கிராபைட் இதற்குத் தடையாயிற்று: அழுத்தி வரைந்தால் கோடு கருக்காமல் மினுங்கும், மினுங்கும் பரப்பு ஒளியைத் திருப்பி அனுப்பி நிழலைக் கெடுக்கும். தச்சர் பென்சிலின் அகன்ற, மென்மையான முனை அவருக்கு உதவியது. வரைந்தபின் தாளின்மீது பாலை ஊற்றி மினுமினுப்பை மட்டுப்படுத்தினார். தடித்த நீர்வண்ணத் தாள் இந்நனைவைத் தாங்கியது. பின்னர்க் கல்லச்சு மெழுகுக்கோலையும், இயற்கையில் கிடைக்கும் 'மலைச் சாக்' என்னும் கருங்கட்டியையும் பயன்படுத்தினார். ஆலையில் செய்யப்பட்ட கோன்டேயில் இல்லாத உயிர்ப்பு இக்கட்டியில் உண்டு என்பது அவர் கருத்து.

1882 வசந்தத்தில் 'துயரம்' எனப் பெயரிட்ட பெண்ணுருவையும், மணலில் வேரோடிய ஒரு மரத்தின் வரைவையும் அவர் ஏறத்தாழ ஒரே காலத்தில் உருவாக்கினார். மண்ணை இறுகப் பற்றியும் புயலால் பாதி பெயர்ந்தும் நிற்கும் வேர்களில், மனித உருவில் கண்ட அதே போராட்டத்தைக் காட்ட முயன்றதாகக் கடிதத்தில் விளக்குகிறார். மனிதரை நோக்கக் கற்ற கண் நிலக்காட்சியையும் அவ்வாறே நோக்கத் தொடங்கியமைக்கு இது சான்றாகும்.

தொடரும் ஓர் உருவம்

முகத்தைக் கைகளில் புதைத்து நாற்காலியில் அமர்ந்த முதியவரின் உருவை வான் கோ முதலில் 1881இல் எட்டனில் வரைந்தார். 1882 நவம்பரில் தி ஹேக்கில், முதியோர் இல்லத்தைச் சேர்ந்த ஒருவரை மாதிரியாகக் கொண்டு அதனைப் பென்சிலிலும் கல்லச்சிலும் மீண்டும் உருவாக்கினார். 1890இல், மறைவதற்குச் சில மாதங்கள் முன்னர், அக்கல்லச்சின் வழி எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். மாணவக் காலத்தின் நோக்குபொருள் முதிர்ந்த காலம் வரை கைவிடப்படவில்லை. எட்டனில் பழகிய நாணற் பேனாவும் 1888இல் ஆர்ல் நகர்ப்புற வரைவுகளில் முழு ஆற்றலுடன் வெளிப்பட்டது. புள்ளியும் குறுங்கோடும் வளைகோடுமாக வயலையும் வானையும் வேறுபடுத்திய அக்கை, ஒரு நாளில் உருவானதன்று.

முடிவுரை

வான் கோவின் பயிற்சியில் அளவறியப் படியெடுத்தல், எடையறிய உழைக்கும் உடல், தூரமறியத் தோற்றச் சட்டம், நிழலறியக் கருங்கட்டி என ஒரு தொடர்பு புலனாகிறது. கருவியை முதலில் தெரிந்து பொருளைப் பின்னர்த் தேடும் முறை இதுவன்று. பொருள் எழுப்பிய வினாவே கருவியைத் தெரிவு செய்தது. வரைகலைப் பாடத்திட்டங்கள் கரித்துண்டு, பென்சில், மை எனக் கருவிவாரியாக அமையும்போது இவ்வினா மறைந்துபோக நேரிடும். மாணவர் எதைக் காண இயலாமல் திணறுகிறார் என்பதை முதலில் அறிந்து, அதற்கேற்ற கருவியை அவர் கையில் தருவதே பயன்தரும் கற்பித்தலாகும் என்பதை இம்மூன்றாண்டு வரலாறு உணர்த்துகிறது.