சர்வே நம்பர் 48-க்குப் பக்கத்து வீட்டுக்காரன்

பழைய பேப்பர்காரர் தராசைத் தூக்கினால் என் கண் தானாகக் கூர்மையாகிவிடும். பி.காம். படித்தவனையே எடையில் ஏமாற்றிவிட்டார்கள் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாதில்லையா! அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தராசு முள்ளையே முறைத்துக் கொண்டிருந்தேன். அப்போதுதான் தட்டின் மேலாக இருந்த பேப்பரில், ஒரு டெண்டர் அறிவிப்புக்கும் 'காணவில்லை' விளம்பரத்துக்கும் நடுவே, தீப்பெட்டி சைஸில் ஒரு நோட்டீஸ் கண்ணில் பட்டது.

இன்ன கிராமம், சர்வே எண் 48-ல் அடங்கிய மனையைக் குடியிருப்பு உபயோகத்திலிருந்து வணிக உபயோகத்துக்கு மாற்றக் கேட்டு விண்ணப்பம் வந்திருக்கிறதாம். பொதுமக்கள் தங்கள் ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் எழுத்து மூலம் தெரிவிக்கலாமாம்.

சாதாரணமாக இந்த மாதிரி சமாசாரத்தைப் பார்த்தால் ராசிபலன் பக்கத்துக்கு ஓடிவிடுகிற ஆசாமிதான் நான். ஆனால் போன வருஷம் ஹவுசிங் லோனுக்காகப் பட்டா, வில்லங்கம் என்று மூன்று மாதம் நாயாக அலைந்ததில் ஒரு நம்பர் மட்டும் மண்டையில் பச்சை குத்தினாற்போல் பதிந்துவிட்டது. எங்கள் வீட்டு சர்வே நம்பர் 47.

அப்படியென்றால் 48? பக்கத்து வீடு! கடைசித் தேதி புதன்கிழமை. முழுசாக நாலு நாள்தான்.

"அண்ணே, அந்த ஒரு ஷீட்டை மட்டும் குடுத்துருங்க."

"எடை போட்டாச்சே சார்... சரி, பத்து கிராம் கழிச்சுக்கறேன்."

கழித்துக்கொண்டுதான் போனார்.

எங்கள் தெருவில் 42 வீடுகள். ஒரு வீட்டுக்காவது அதன் சர்வே நம்பர் தெரியும் என்கிறீர்களா? எங்களுக்கு அது 'முருங்கை மர வீடு'. தபால்காரருக்கு 'ஹெட்மாஸ்டர் வீடு'. 'முருங்கை மர வீடு கடையாகப் போகிறது' என்று நோட்டீஸ் போட்டிருந்தால் தெருவே திரண்டு வந்திருக்கும். சட்டப்படி சர்வே நம்பர்தான் போட வேண்டும், போட்டார்கள். அது பேப்பரில் வந்து, எல்லோர் வீட்டு வாசலிலும் விழுந்து, எல்லோர் வீட்டிலும் மடித்து வைக்கப்பட்டு, கிலோ கணக்கில் எடைக்கும் போயாச்சு.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். (நானே அந்த ராத்திரி உட்கார்ந்து படித்ததுதான், பயப்படாதீர்கள்.) சென்னையில் உங்கள் மனை உங்களுடையதுதான் என்றாலும், அதில் என்ன செய்யலாம் என்பதை மாஸ்டர் பிளான் என்ற ஒரு வரைபடம் முடிவு செய்துவிடுகிறது. முதல் மாஸ்டர் பிளான் 1975-ல் வந்தது. இரண்டாவது, 2008 செப்டம்பரில். அதில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு ஜாதகம் உண்டு. பிரைமரி ரெசிடென்ஷியல், மிக்ஸட் ரெசிடென்ஷியல், கமர்ஷியல், இன்டஸ்ட்ரியல் என்று பல ராசிகள். முதல் ராசியில் வீடுதான் பிரதானம். இரண்டாவதில் வீடும் இருக்கலாம், கடை கண்ணியும் இருக்கலாம். மூன்றாவதில் வியாபாரம்தான் ராஜா.

ராசியை மாற்ற வேண்டுமென்றால் 1971-ம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32-வது பிரிவுப்படி விண்ணப்பிக்க வேண்டும். சி.எம்.டி.ஏ. பேப்பரில் நோட்டீஸ் போட்டு ஜனங்களைக் கேட்கும். வந்த கடிதங்களோடு விஷயம் தொழில்நுட்பக் குழுவுக்குப் போகும். அதற்குப் பிறகு முடிவெடுத்து, சரி என்றால் அரசிதழில் வெளியிடுவார்கள். மாறிவிட்டால் மாறியதுதான். அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மாறுவது மனையின் ராசி, மனுஷனின் ராசி அல்ல. இன்றைக்கு ஹெட்மாஸ்டர் ரத்தப் பரிசோதனை லேபுக்குத்தான் விடுகிறார் என்றாலும், நாளைக்கு அவரிடமிருந்து வாங்குகிறவர் அந்த ராசிக்கு அனுமதி உள்ள எதையும் கேட்கலாம். கட்டடம் கட்டத் தனியாக பிளானிங் பர்மிஷன் வாங்கவேண்டும், ரோடு அகலமெல்லாம் பார்ப்பார்கள் என்பது உண்மை. ஆனாலும் கதவு ஒருமுறை திறந்தாயிற்று.

வீட்டோடு கடை என்பதே ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடித்த பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. சௌகார்பேட்டையில் போய்ப் பாருங்கள். கீழே கடை, மேலே குடித்தனம். மயிலாப்பூர் மாடவீதிகளில் நாலு தலைமுறையாக அப்படித்தான். உண்மையில் வெள்ளைக்காரன்தான் வீட்டையும் கடையையும் பிரித்துக் கோடு போட்டான். அமெரிக்காவில் 1926-ல் யூக்ளிட் என்ற சின்ன ஊர் போட்ட கோடு செல்லும் என்று அவர்கள் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொன்னது. அப்புறம் 1961-ல் ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அம்மாள், கடையும் வீடும் கலந்த தெருவில்தான் ஆள் நடமாட்டம் இருக்கும், பத்திரமாகவும் இருக்கும் என்று புஸ்தகமே எழுதி அந்தக் கோட்டை அழிக்கப் பார்த்தார்.

அந்தப் பக்கம் அப்படி என்றால் இந்தப் பக்கம் தி.நகர். 1920-களில் வீடுகளுக்காகவே திட்டம் போட்டு, நடுவில் பனகல் பார்க் வைத்து, அகலமான ரோடு போட்டு உண்டாக்கிய ஊர் அது. தீபாவளிக்கு முந்தின வாரம் ரங்கநாதன் தெருவில் கால் தரையில் படாமலே மாம்பலம் ஸ்டேஷன் வரை போய்ச் சேர்ந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். தி.நகர் ஒரே நாளில் அப்படி ஆகவில்லை. ஒவ்வொரு வீடாக ஆனது.

எங்கள் தெரு அகலம் 20 அடி. தண்ணி லாரி வந்தால் ஸ்கூட்டர்கள் எல்லாம் வாசல் கேட்டுக்குள் ஓடி ஒளியும்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் மொட்டை மாடியில் கூட்டம் போட்டோம். வாட்ஸ்அப்பில் 42 வீடும் கட்டைவிரலைக் காட்டியது. நேரில் வந்தது பதினோரு பேர். அதில் மூன்று பேர் காற்று வாங்க வந்தவர்கள்.

கடைசி வீட்டுக்காரர் எழுந்து, "நம்ம கலாசாரமே போயிடும் சார்" என்றார். எது, வாசலில் குப்பையைத் தள்ளிவிடுகிற கலாசாரமா என்று கேட்க நினைத்து அடக்கிக் கொண்டேன். பேங்க்கில் இருக்கிற தம்பி, "லேப்னா பரவாயில்லை, டாஸ்மாக் வந்தா?" என்றான். மாடி போர்ஷன் அம்மா நியாயமாக ஒன்று கேட்டார்கள். "பத்துக் கடை வந்தா பத்து போர் போடுவான். என் கிணறு இப்பவே சித்திரையில வத்துதே?" இன்னொருவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு மெதுவாக, "அவருக்கு மாத்திக் குடுத்தா, நாம கேட்டாலும் குடுப்பாங்களா?" என்றார். கூட்டம் சட்டென்று அமைதியாகிவிட்டது. எல்லோரும் மனசுக்குள் பெருக்கல் கணக்குப் போடுகிற அமைதி அது!

நான் மட்டும் யோக்கியனா? முந்தின ராத்திரியே போட்டுப் பார்த்துவிட்டேன். என் மைத்துனன் போனில் சொன்னான். "மாமா, வாயை மூடிக்கிட்டு இருங்க. பக்கத்து மனை கமர்ஷியலானா உங்க மனை விலையும் ஏறும். லோன் கட்டி முடிக்கறதுக்குள்ள நீங்க கோடீஸ்வரர்." வரவுப் பக்கம் அது. செலவுப் பக்கம்: ஜெனரேட்டர் சத்தம், என் கேட் முன்னால் நிறுத்தப்போகிற பைக்குகள், நடுத்தெருவில் சைக்கிள் பழகுகிற என் பெண். இதற்கெல்லாம் எந்த வாத்தியாரும் எனக்கு ஜர்னல் என்ட்ரி சொல்லித் தரவில்லை.

வாத்தியார் என்றதும்தான் விஷயமே. சர்வே நம்பர் 48-ன் சொந்தக்காரர் எனக்குப் பத்தாவதில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். அப்பா வேலை இல்லாமல் இருந்த அந்த ஒரு வருஷம் டியூஷன் பீஸ் வாங்கவில்லை. அதைப்பற்றி ஒரு வார்த்தை எங்கேயும் பேசியதும் இல்லை. கூட்டத்துக்கு அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டாம் என்று முடிவு செய்த நாலு பேரில் நானும் ஒருவன்.

திங்கட்கிழமை ஆபீஸ் விட்டு வந்ததும் கேட்டைத் திறந்துகொண்டு போனேன்.

"வாப்பா. நேத்திக்கு மாடியில மீட்டிங் போல இருக்கே?"

தொண்டை அடைத்தது. "ஆமா சார்... உங்க விஷயமாத்தான்."

"தெரியும். நோட்டீஸ் பார்த்துட்டு யாராவது வருவாங்கன்னு அன்னிலேர்ந்து வாசல்லயே உட்கார்ந்திருக்கேன். நீதான் முதல் ஆள்."

அவர் வேலை பார்த்தது தனியார் ஸ்கூலில். பென்ஷன் கிடையாது. அம்மாவுக்கு வாரத்துக்கு இரண்டு தரம் டயாலிஸிஸ். மனை இரண்டு கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவு. முன்பக்கத்தை இடித்துவிட்டு, கீழே லேப், இரண்டு கடை, மேலே தான் குடியிருக்க ஒரு போர்ஷன் என்று ஒரு ஆள் பிளான் போட்டுக் கொடுத்திருக்கிறான். வாடகை வந்தால் மருந்துச் செலவு ஓடும். கமர்ஷியல் என்று கேட்கச் சொன்னதும் அந்த ஆள்தான். "கேக்கறதைப் பெரிசா கேளு சார்னான்" என்றார்.

அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்றது. "அடுத்த தெருவுல கார் ஷெட்டுல பேக்கரி வெச்சிருக்கானே, அவனைப் பத்தி என்னிக்காவது மீட்டிங் போட்டீங்களா?"

போடவில்லை. போட்ட மீட்டிங்குக்கு அங்கேயிருந்துதான் பப்ஸ் வாங்கினோம்!

யோசித்துப் பாருங்கள். கேட்டுச் செய்கிறவர் மட்டும்தான் நோட்டீஸுக்கு ஆளாகிறார். கேட்காமல் செய்கிறவருக்கு நோட்டீஸும் இல்லை, ஆட்சேபணையும் இல்லை. மாட்டிக்கொண்டாலும் கவலையில்லை. 1999 பிப்ரவரி 28-க்கு முன்னால் கட்டிய விதிமீறல் கட்டடங்களை வரன்முறைப்படுத்த ஒரு தரம் வழி செய்தார்கள். அப்புறம் 2007 ஜூலை 1-க்கு முன்னால் கட்டியவற்றுக்கு இன்னொரு தரம். நியாயஸ்தன் மட்டும் க்யூவில் நிற்கிறான்.

அன்றிரவு அந்தத் தாளை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். 'ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும்' என்று இருந்தது. எங்கள் மாடிக் கூட்டத்தில் பதினோரு பேரும் முதல் வார்த்தையோடு நின்றுவிட்டோம். இரண்டாவது வார்த்தை சும்மா அலங்காரத்துக்கா?

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு எழுதினேன். கலாசாரம், பாரம்பரியம் எல்லாம் கட். அந்த ஆபீஸில் எடுபடக் கூடியது அளந்து சொல்லக் கூடிய விஷயம்தான் என்று எனக்குப் பட்டது. டேப் வைத்து அளந்தேன். தெரு எந்த இடத்தில் 20 அடி, டிரான்ஸ்பார்மர் பக்கம் எவ்வளவு குறுகுகிறது, தீயணைப்பு வண்டி திரும்ப இடம் உண்டா, சாக்கடை எந்த மேன்ஹோலில் பொங்குகிறது, எத்தனை வீடு கிணற்றை நம்பி இருக்கிறது. எல்லாம் ஒரு பக்கம். கமர்ஷியலாக மாற்றுவதை இந்தத் தெரு தாங்காது. மிக்ஸட் ரெசிடென்ஷியலாக மாற்றினால் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. வண்டிகள் மனைக்கு உள்ளேதான் நிற்க வேண்டும், மழைநீர் சேகரிப்பு சரியாக இருக்க வேண்டும் என்று கட்டட அனுமதியின்போது பார்க்கவும். இவ்வளவுதான் கடிதம்.

கையெழுத்துக்குப் போனால்... 42-ல் 13 தேறியது! கிணற்று அம்மா முதல் கையெழுத்து. கலாசாரக்காரர், "ஆட்சேபணை இல்லைன்னு எழுதியிருக்கீங்களே" என்று முகத்தைத் திருப்பிக் கொண்டார். பெருக்கல் கணக்குக்காரர் ஊரில் இல்லை என்று அவர் வீட்டுக்குள்ளிருந்து அவரே சொன்னார்.

கடைசியாக ஹெட்மாஸ்டரிடம் கொண்டு போனேன். அவரை எதிர்த்து அவர் தெருவே எழுதும் கடிதத்தை அவரிடமே காட்டாமல் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். நெற்றி சுருங்கியது. சட்டைப் பையில் கையை விட்டார். சிவப்பு பேனா!

"'ஆட்சேபணை'க்கு மூணு சுழி 'ணை'. நீ ரெண்டு இடத்துல ரெண்டு சுழி போட்டிருக்கே."

"சார்... விஷயம்?"

"விஷயம் சரிதான். மிக்ஸடுன்னா எனக்கு லேப் ஒண்ணும் கடை ஒண்ணும் வரும். மேல நான் இருப்பேன். நானும் இங்கதானேப்பா தூங்கணும்? ஜெனரேட்டர் என் காதுலயும்தான் விழும்." பேனாவை மூடினார். "அந்த ஆளுக்குத்தான் கமிஷன் குறையும்."

புதன்கிழமை காலையில் எழும்பூர் போய்க் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டு வந்தேன். சீல் இல்லாவிட்டால் நாளைக்குக் கொடுத்தேன் என்று சொல்ல ஆதாரம் ஏது? பதில் இன்னும் வரவில்லை. இந்த மாதிரி விஷயம் ஆற அமரத்தான் நடக்கும். இரண்டாவது மாஸ்டர் பிளான் 2026 வரைக்கும் போட்டது. மூன்றாவது, 2046 வரைக்கும். அந்த மாதிரி முழு பிளானுக்கு வரைவு வெளியிட்டால் சட்டப்படி ஜனங்களுக்குக் குறைந்தது இரண்டு மாசமாவது அவகாசம் தந்தாக வேண்டும். உங்கள் பட்டாவை எடுத்து சர்வே நம்பரை மட்டும் ஒரு தடவை பார்த்து வைத்துக் கொள்ளுங்கள். எனக்கு உதவின மாதிரி உங்களுக்குப் பேப்பர்காரர் உதவுவார் என்று சொல்ல முடியாது.

அன்று சாயந்திரம் சாரைக் கூட்டிக்கொண்டு அடுத்த தெரு பேக்கரிக்குப் போனேன். சூடாக முட்டை பப்ஸ். சார் ஒரு கடி கடித்துவிட்டு, பழைய கிளாஸ் ரூம் குரலில் கடைக்காரரிடம் கேட்டார்.

"தம்பி, இந்தக் கடைக்கு நோட்டீஸ் எந்தப் பேப்பர்ல வந்துச்சு?"

கடைக்காரர் முகம் வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த சீல் குத்திய பேப்பரைப் பார்த்தார். "சார் எந்த ஆபீஸ்?" என்றார் மெதுவாக. அப்புறம் எவ்வளவு சொல்லியும் பப்ஸுக்குக் காசு வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார்.

சார் விடவில்லை. கண்ணாடி ஜாடிக்குக் கீழே காசை வைத்துவிட்டு, மீதிக்காகக் காத்து நின்றார்.