விண்மீனை அளந்தவருக்குப் பந்தியில் இடமில்லை

எண்ணூர்க் கடற்கரையில் நின்று பார்க்கும் விண்மீனின் வெப்பத்தை, அதன் ஒளியைக் கொண்டே கணக்கிட வழிசெய்த சமன்பாட்டை 1920இல் தந்தவர் மேகநாத் சாகா. டாக்கா அருகே சிற்றூர் மளிகைக்கடைக்காரரின் மகன். கல்கத்தா மாணவர் விடுதியில் ஆதிக்கச் சாதியினர் அவரோடு ஒரே பந்தியில் உண்ண மறுத்தனர். அவரோ 1923 முதல் 15 ஆண்டுகள் அலகாபாத் பல்கலைக்கழக இயற்பியல் துறையை வளர்த்தெடுத்தார்.

இத்தகைய துறைகளில் நம்மவர் ஆசிரியராக நுழைய இட ஒதுக்கீடே வழி. நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி, 2018இல் யுஜிசி அதைத் துறைவாரியாகக் கணக்கிடச் சொன்னது. பட்டியல் சாதியினருக்கு ஏழாவது பணியிடம். ஆறே பணியிடம் உள்ள துறையில் பூஜ்யம். போராட்டங்களுக்குப் பின், 2019 சட்டம் மத்தியக் கல்வி நிறுவனங்களில் முழு நிறுவனத்தையும் ஒரே அலகாக்கியது.

திருவொற்றியூர், இராயபுரம் பிள்ளைகளே, இயற்பியல் படியுங்கள். ஆசிரியர் பணி விளம்பரம் வந்தால் இனச்சுழற்சிப் பட்டியலையும் கேளுங்கள்.