உஷார்! உங்கள் பிள்ளையைத் ‘தலைவர்’ ஆக்கப் போகிறார்கள்

ஏப்ரல் பிறந்தால் போதும், காலைப் பேப்பரைப் பிரித்ததும் உள்ளே செருகிய நோட்டீஸ்கள் தரையில் வந்து விழும். நீச்சல், கீபோர்டு, அபாகஸ் வரிசையில் இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: குழந்தைகளுக்கான லீடர்ஷிப் கேம்ப். கோட்டு போட்ட ஒரு சிறுவன் கோப்பையைத் தூக்கிப் பிடித்திருப்பான். பக்கத்தில் ‘நாளைய தலைவர் உங்கள் வீட்டில்’ என்கிற மாதிரி ஒரு வரி. தினமும் போட்டி, தினமும் புள்ளி, கடைசி நாளில் ‘பெஸ்ட் லீடர்’ விருது. ஒரே ஒருவருக்கு.

பெற்றோரே, பணம் கட்டுவதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள். பாடத்தில் ரேங்க் போடுவது சரியா தவறா என்பது நமக்குப் பழகிப்போன சண்டை. இது அதைவிட விபரீதம். பிள்ளைகளை மோதவிட்டு, ஜெயித்தவன் கையைத் தூக்கி ‘இவன்தான் தலைவன்’ என்று காட்டுகிறார்களே, அங்கே எந்தக் குணத்துக்குப் பரிசு கொடுக்கிறார்கள்? போட்டி பிள்ளைகளை என்ன செய்கிறது என்பதை எழுபது வருடத்துக்கு முன்பே ஒருவர் சோதித்துப் பார்த்துவிட்டார்.

1954 கோடை. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ராபர்ஸ் கேவ் என்றொரு வனப் பூங்கா. துருக்கியில் பிறந்த சமூக உளவியலாளர் முசாஃபர் ஷெரீஃப், பதினோரு வயதை ஒட்டிய 22 பையன்களை அங்கே முகாமுக்கு வரவழைத்தார். ஒருவரையொருவர் முன்பின் தெரியாதவர்கள். எல்லாரும் நல்ல குடும்பம், ஒழுங்காகப் படிக்கிறவர்கள். வம்புக்காரன் என்று பெயரெடுத்தவன் ஒருவன்கூடக் கிடையாது. இரண்டு குழுவாகப் பிரித்து, தனித்தனி பஸ்ஸில் ஏற்றி, தனித்தனி இடத்தில் தங்கவைத்தார்கள். ஒரு குழு தனக்கு ‘ராட்லர்ஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டது, மற்றது ‘ஈகிள்ஸ்’. முதல் வாரம் எந்தச் சிக்கலும் இல்லை.

பிறகு போட்டியை அறிவித்தார்கள். பேஸ்பால், கயிறு இழுத்தல், கூடாரம் அடித்தல். ஜெயிக்கும் அணிக்குக் கோப்பை, ஆளுக்கொரு மெடல், ஒரு பேனாக்கத்தி. தோற்கும் அணிக்கு ஒன்றும் கிடையாது. அவ்வளவுதான் செய்தார்கள். முதல் நாளே, தோற்ற ஆத்திரத்தில் ஈகிள்ஸ் எதிரணியின் கொடியைக் கொளுத்தினார்கள். ராட்லர்ஸ் ராத்திரியில் போய் அவர்கள் தங்கிய அறையைச் சூறையாடினார்கள். காலுறைக்குள் கல்லைப் போட்டு ஆயுதம் செய்யும் அளவுக்குப் போனது. கடைசியில் ஈகிள்ஸ் ஜெயிக்க, தோற்றவர்கள் அந்த மெடல்களையும் கத்திகளையும் திருடிக்கொண்டு போனார்கள். ஒழுங்கான வீட்டுப் பிள்ளைகள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இதைவிட என்னைக் கலவரப்படுத்துவது வேறொன்று. ஷெரீஃப் தன் முகாம்களைப் பற்றி எழுதியபோது போகிறபோக்கில் சொல்லிப்போன தகவல் அது. மோதல் சூடு பிடித்ததும் குழுவுக்குள் தலைமை மாறிவிட்டதாம். எதிரணியோடு மல்லுக்கு நிற்க முடியாத தலைவனை ஒரு குழு இறக்கிவிட்டது. அதுவரை முரடன் என்று எல்லாரும் ஒதுக்கிவைத்திருந்த ஒரு பையனை இன்னொரு குழு ஹீரோ ஆக்கியது.

பாருங்கள்! முகாமில் இருந்தது அதே பையன்கள். ஏற்பாட்டை மாற்றினார்கள், மேலே வந்த ஆள் மாறிவிட்டான். நாம் கேம்புக்குப் பணம் கட்டி எதை வாங்குகிறோம் என்று இப்போதாவது யோசிக்க வேண்டாமா?

சரி, சண்டையை எப்படி நிறுத்தினார்கள்? ஒன்றாக உட்கார்த்திச் சாப்பாடு போட்டார்கள். சாப்பாட்டை எடுத்து ஒருவர்மேல் ஒருவர் வீசினார்கள். சேர்ந்து சினிமா பார்க்கவைத்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. ‘அன்பாக இருங்கள்’ என்கிற புத்திமதி இந்த மாதிரி இடத்தில் கால்காசுக்குப் பெறாது. பிறகு முகாமின் தண்ணீர் நின்றது. குழாய் எங்கே அடைத்திருக்கிறது என்று தேட இரு தரப்பும் வேண்டியிருந்தது. வாடகைக்குப் படம் எடுக்கப் பணம் போதவில்லை. இரண்டு குழுவும் காசு போட்டார்கள். சாப்பாடு வாங்கப் போக வேண்டிய லாரி கிளம்பவில்லை. கயிறு கட்டி எல்லாரும் சேர்ந்து இழுத்தார்கள். போட்டியில் எதிரெதிராக நின்று இழுத்த அதே கயிறு. வீடு திரும்பும்போது எல்லாரும் ஒரே பஸ்ஸில் போகலாம் என்று பையன்களே கேட்டார்கள்.

இந்தச் சோதனையை அப்படியே நம்பிவிட வேண்டாம் என்பவர்களும் உண்டு. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆஸ்திரேலிய உளவியலாளர் ஜீனா பெர்ரி 2018-ல் எழுதிய புத்தகத்தில், பெரியவர்களே ஆட்டுவித்த நாடகம் இதில் எவ்வளவு என்று விலாவாரியாகக் காட்டியிருக்கிறார். முந்தைய வருடம், 1953-ல், நியூயார்க் மாநிலத்தில் ஷெரீஃப் இதையே முயன்று தோற்றிருந்தார். அங்கே பையன்கள் முதலில் பழகி நண்பர்களாகிவிட்டார்கள், பிறகுதான் பிரித்தார்கள். பெரியவர்கள் சில்மிஷம் செய்து பழியை எதிரணிமேல் போடப் பார்த்தும் பையன்கள் ஏமாறவில்லை. முகாமைப் பாதியில் மூட வேண்டியதாயிற்று. இதைக் கேட்டு என் பயம் குறையவில்லை, கூடியது. பிள்ளைகள் தாமாக அடித்துக்கொள்ளவில்லை. அடித்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்து கொடுத்தது பெரியவர்கள்.

அந்த ஏற்பாட்டை நம் பள்ளிக்கூடத்தில் தேடிப் பார்க்க ரொம்பதூரம் போக வேண்டாம். நம் வகுப்புகளில் லீடர் எப்படி உருவாகிறான்? பெரும்பாலும் முதல் ரேங்க் எடுத்தவன். அவனுக்கு நாம் கொடுத்திருக்கும் தலைமைப் பொறுப்பு என்ன? டீச்சர் வெளியே போனதும் பேசியவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது. பத்து வயதில் தலைமை என்றால் காட்டிக்கொடுப்பது என்று கற்றுக்கொடுத்துவிட்டு, நாற்பது வயதில் அவன் ஆபீசில் மேலதிகாரி காதைக் கடித்தால் ஆச்சரியப்படுகிறோம்.

வேறு விதமாகவும் செய்ய முடியும். 1971-ல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரத்தில் கறுப்பின, வெள்ளையின, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் புதிதாக ஒரே வகுப்பில் உட்கார, அடிதடி ஆரம்பித்தது. எலியட் அரான்சன் என்ற உளவியலாளர் வகுப்பில் உட்கார்ந்து கவனித்தார். ஆசிரியர் கேள்வி கேட்கிறார், கைகள் பறக்கின்றன, ஒருவன் எழுந்து பதில் சொல்கிறான், மற்றவர்கள் அவன் தப்பாகச் சொல்ல மாட்டானா என்று காத்திருக்கிறார்கள். அரான்சன் பாடத்தைத் துண்டு துண்டாக வெட்டினார். ஐந்தாறு பேர் கொண்ட குழுவில் ஆளுக்கொரு துண்டு. தன் துண்டை அவனவன் படித்து மற்றவர்களுக்குச் சொல்லித் தர வேண்டும். பரீட்சையோ முழுப் பாடத்திலும். ஆங்கிலம் திக்கும் பையனைக் கேலி செய்தால் அவன் துண்டு கிடைக்காது, கேலி செய்தவனுக்குத்தான் மதிப்பெண் குறையும். சில நாளில் கேலி செய்தவர்களே அவனிடம் பொறுமையாகக் கேள்வி கேட்டு விஷயத்தை வரவழைக்கப் பழகினார்கள். என்னைக் கேட்டால் தலைமைப் பயிற்சி என்பது இதுதான். இதற்குக் கோட்டும் தேவையில்லை, கோப்பையும் தேவையில்லை.

‘வெளியுலகம் போட்டி உலகம் சார், பழக்காவிட்டால் பிள்ளை ஏமாந்துவிடும்’ என்பார்கள். அந்த வெளியுலகமே என்ன செய்தது தெரியுமா? ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஜாக் வெல்ச், ஊழியர்களை வரிசைப்படுத்திக் கடைசிப் பத்து சதவீதத்தை வெளியேற்றும் முறையைப் புகழ்பெறச் செய்தார். மைக்ரோசாஃப்டும் ஊழியர்களைத் தரவரிசையில் நிறுத்தியது. திறமைசாலிகள் இன்னொரு திறமைசாலி இருக்கும் குழுவில் சேரவே தயங்குகிறார்கள் என்ற புகார் கிளம்பியது. பக்கத்து நாற்காலிக்காரன் ஜொலித்தால் என் இடம் போய்விடுமே! 2013 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் அந்த முறையைத் தூக்கிப் போட்டது. அடுத்த பிப்ரவரியில் தலைமைக்கு வந்த சத்யா நாதெள்ளா, ஹைதராபாத்தில் பள்ளிக் கிரிக்கெட் ஆடிய நாளைத் தன் புத்தகத்தில் சொல்கிறார். தன் பந்துவீச்சு எடுபடாதபோது கேப்டன் தானே பந்தை வாங்கி விக்கெட் எடுத்தார். எடுத்த கையோடு பந்தைத் திரும்ப இவரிடமே கொடுத்தார். அந்தக் கேப்டனிடம் தலைமையைக் கற்றேன் என்கிறார். ஆக, விளையாட்டுப் போட்டி மேல் எனக்கு விரோதம் இல்லை. மைதானத்தில்கூட எதைப் பார்த்துக் கைதட்டுகிறோம் என்பதுதான் கேள்வி.

அரசாங்கங்களுக்கே இது உறைத்துவிட்டது. தமிழ்நாடு 2017-ல் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வுகளில் மாநில முதலிடங்களை அறிவிப்பதை நிறுத்தியது. சி.பி.எஸ்.இ. 2023-ல் மெரிட் லிஸ்ட் கிடையாது என்றது. சொன்ன காரணம், ஆரோக்கியமற்ற போட்டி. போட்டிக்குப் பேர்போன சிங்கப்பூரே 2019-லிருந்து மாணவர் அறிக்கையில் வகுப்பில் எத்தனையாவது இடம் என்று போடுவதை விட்டுவிட்டது. நாம்தான் பள்ளி வாசலில் முதல் மூன்று முகங்களை பிளெக்ஸில் தொங்கவிட்டு, கோடையில் மிச்சமிருக்கும் பத்து நாளையும் போட்டிக்கே எழுதிக் கொடுக்கிறோம்.

அதனால், கேம்ப் நடத்துகிறவர்களைத் துருவிக் கேளுங்கள். தனியாக ஒரு பிள்ளை செய்து முடிக்கவே முடியாத வேலை இந்தப் பத்து நாளில் ஏதாவது இருக்கிறதா? குழுத் தலைவர் தினமும் மாறுவாரா, கூச்சப்படும் பிள்ளைக்கும் முறை வருமா? ‘அடுத்தவனை முந்து’, ‘பலவீனத்தைக் கண்டுபிடி’ என்ற பேச்சு பயிற்சியாளர் வாயில் வந்தால் அன்றைக்கே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். அரைநாள் உள்ளே உட்கார்ந்து பார்க்க உங்களை அனுமதிக்காத இடத்துக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். பள்ளியில் பெற்றோர் கூட்டம் வரும்போது, வகுப்பு லீடரின் வேலை என்ன என்று எழுந்து நின்று கேளுங்கள்.

பணம் கட்டும் மேஜையில் இதையும் கேட்டுவிடுங்கள்: கடைசி நாளில் விருது கிடைக்காத பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை? ‘கைதட்டுவார்கள்’ என்று பதில் வந்தால், பர்ஸைத் திறக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.