நாள் குறித்துப் பிறக்கும் குழந்தை

கோவை, பல்லடம், பொள்ளாச்சிப் பக்கம் குழந்தை பிறந்த சேதி கேட்டதும் சொந்தக்காரர்கள் முதலில் விசாரிப்பது, "சுகப்பிரசவமுங்களா, ஆபரேசனுங்களா?" என்றுதான். ஆபரேசனிலும் வகை உண்டு. வலி வந்து, பாதியில் குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்ததால் அவசரமாகச் செய்வது ஒன்று. நஞ்சுக்கொடி கருப்பை வாயை அடைத்திருந்தாலோ குழந்தை குறுக்கே கிடந்தாலோ மருத்துவர் முன்கூட்டியே முடிவு செய்வது இன்னொன்று. மூன்றாவதும் இருக்கிறது: எந்தச் சிக்கலும் இல்லாதபோது, ஜோசியர் குறித்துக் கொடுத்த நட்சத்திரத்துக்காக, வலி வருவதற்கு முன்பே குழந்தையை எடுத்துவிடுவது. என் கவலையெல்லாம் இந்த மூன்றாவது வகையைப் பற்றித்தான்.

பிரசவ வலி தாய்க்கு மட்டும் உரியதல்ல. கருப்பை இறுகும்போதெல்லாம் குழந்தையின் உடம்பிலும் அட்ரினலின், நார்அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் பெருகுகின்றன. பிறக்கும் நேரத்தில் அவற்றின் அளவு தாயின் ரத்தத்தில் இருப்பதையே மிஞ்சிவிடும் என்பதை சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த ஹியூகோ லாகர்கிரான்ட்ஸ் 1980களிலேயே விளக்கினார். நுரையீரலில் தேங்கியிருக்கும் நீர் வற்றுவதும், முதல் சில மணி நேரத்துக்கு வேண்டிய சர்க்கரை ரத்தத்தில் கலப்பதும் இந்த ஹார்மோன்களால்தான். வலி வராமல் எடுக்கப்படும் குழந்தைக்கு இந்தத் தயாரிப்பு குறைவு. டென்மார்க்கில் 34,000க்கும் மேற்பட்ட பிறப்புகளை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வில், திட்டமிட்ட சிசேரியனில் பிறந்த குழந்தைகளுக்கு மூச்சுக் கோளாறு வரும் வாய்ப்பு 37 வாரத்தில் ஏறக்குறைய 4 மடங்காகவும், 38இல் 3 மடங்காகவும், 39இல் 2 மடங்காகவும் இருந்தது. சுகப்பிரசவத்துக்காகக் காத்திருந்தவர்களின் குழந்தைகளோடு ஒப்பிட்ட கணக்கு இது.

இந்த ஹார்மோன் அலை மரபணுக்களிலும் தடம் பதிக்குமா? அங்கேதான் எபிஜெனெடிக்ஸ், அதாவது மரபணுவின் வரிசை மாறாமல் அதன் வேலை மட்டும் மாறுவதைப் பற்றிய துறை, வருகிறது. நம் எழுத்தில் 'க' மேல் புள்ளி வைத்தால் 'க்' ஆகிறது. எழுத்து அதேதான், உள்ளிருந்த உயிரொலி மட்டும் அடங்கிவிடுகிறது. டி.என்.ஏ. மேல் ஒட்டும் மெத்தில் என்ற சிறு வேதித்தொகுதியும் அப்படித்தான். ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவே. மரபணுவின் வரிசையை அது மாற்றுவதில்லை. பல இடங்களில் அந்த மரபணுவின் வேலையை அடக்கி வைக்கிறது.

கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் 2009இல் 37 பச்சிளங்குழந்தைகளின் வெள்ளணுக்களைப் பரிசோதித்தார்கள். வலி வருமுன் சிசேரியனில் பிறந்த 16 பேருக்கு மெத்தில் ஒட்டுகள் கூடுதலாக இருந்தன. மூன்று முதல் ஐந்து நாளில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. 2014இல் 64 குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்த குருத்தணுக்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, சிசேரியன் குழந்தைகளிடம் மெத்தில் ஒட்டுகள் மொத்தத்தில் 2 சதவீதம் அதிகம். மரபணுத் தொகுதியில் 343 இடங்களில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வேறுபாடு. அவற்றில் பல, நோய் எதிர்ப்போடும் சர்க்கரையைக் கையாளும் வேலையோடும் தொடர்புடையவை.

படித்தவுடன் பதறத் தோன்றும். பதற வேண்டியதில்லை. வசந்தா பத்மநாபன் உள்ளிட்ட மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு 2012இல் தேடியபோது, பிரசவ முறைக்கும் ஒட்டுமொத்த மெத்தில் அளவுக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. வலி எடுத்தால் குழந்தையின் ரத்தத்தில் சில வகை வெள்ளணுக்கள் பெருகும். ஒவ்வொரு வகைக்கும் மெத்தில் அமைப்பு வேறு. ஆகவே அணுக்களின் கலவை மாறியதையே மெத்தில் மாற்றம் என்று தப்பாக எண்ணிவிட இடமுண்டு. தாயின் வயது, உடல் எடை, கர்ப்பகாலச் சர்க்கரை ஆகியவையும் குறுக்கே நிற்கின்றன. இவை சிசேரியனுக்கும் காரணம், மெத்தில் மாற்றத்துக்கும் காரணமாகலாம். சிசேரியன் குழந்தைகளுக்கு முதல் வகை நீரிழிவு சற்று அதிகம் என்று சொன்ன ஆய்வுகள்கூட, சுவீடனில் ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டபோது வலுவிழந்தன.

எனவே சிசேரியன் செய்துகொண்ட எந்தத் தாயும் தன் பிள்ளையின் மரபணுவைக் கெடுத்துவிட்டதாக மருக வேண்டாம். அந்தக் கத்தி எத்தனையோ தாய்களையும் பிள்ளைகளையும் காப்பாற்றியிருக்கிறது, இன்றும் காப்பாற்றுகிறது. ஆனால் தமிழ்நாட்டின் எண்களைப் பாருங்கள். 2015-16இல் 34.1 சதவீதமாக இருந்த சிசேரியன், 2019-21இல் 44.9 ஆனது என்கிறது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு; தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. இந்தியச் சராசரி 21.5தான். மக்கள்தொகை அளவில் 10 சதவீதத்தைத் தாண்டினால் தாய்சேய் மரணம் மேலும் குறைவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது.

வளைகாப்பு முடிந்து ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் பெரியவர்களே, பெண்ணுக்கும் குழந்தைக்கும் சிக்கல் இல்லையென்றால் வலி தானாக வரட்டும், விடுங்கள். மருத்துவர் ஆபரேசன் என்றால் காரணம் என்னவென்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நாள் குறித்துத்தான் ஆகவேண்டும் என்றால், காத்திருப்பதில் ஆபத்து இல்லாதபோது, 39 வாரம் நிறைந்த பிறகு குறிக்கச் சொல்லுங்கள். அந்த நாளை மருத்துவர் குறிக்கட்டும், ஜோசியர் வேண்டாம்.