பக்கத்திலேயே இருந்தும் அடிக்காத போன்!

போன மாதம் ஒரு காலை 11 மணிக்கு, மயிலாடுதுறையில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. குளிக்கப் போயிருப்பார் என்று விட்டுவிட்டேன். பதினொன்றரைக்கும் எடுக்கவில்லை, பன்னிரண்டுக்கும் எடுக்கவில்லை. பன்னிரண்டரைக்கு எனக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. எதிர்வீட்டு அக்காவுக்கு போன் போட்டு, கொஞ்சம் ஓடிப்போய்ப் பார்க்கச் சொன்னேன்.

அம்மா கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாராம். போன் பக்கத்திலேயே ஸ்டூல் மேல் இருந்திருக்கிறது. “அடிக்கவே இல்லையேடி... நான் இங்கேதானே இருக்கேன்!” என்றார் அக்காவின் போனில். முந்தின நாள் ராத்திரி கரன்ட் போனபோது டார்ச் போடுவதற்காகத் திரையை மேலிருந்து கீழே இழுத்திருக்கிறார். விரல் தவறிப் பக்கத்தில் இருந்த ‘டூ நாட் டிஸ்டர்ப்’ மேல் பட்டுவிட்டது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் நான் என்னென்னவோ நினைத்துவிட்டேன்.

இந்த ‘டூ நாட் டிஸ்டர்ப்’பில் பலரும் கவனிக்காத ஒரு வசதி உண்டு. ஒரே நபர் 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைத்தால், ஏதோ அவசரம் என்று புரிந்துகொண்டு ஆண்ட்ராய்டு போன் மணி அடிக்கும். ஐபோனில் இதற்கு 3 நிமிடம்தான் கெடு. அம்மாவின் போனில் இது ஆன் ஆகித்தான் இருந்தது. நான்தான் மரியாதையாக அரை மணிக்கு ஒரு தடவை அழைத்து, அதையும் வீணாக்கிவிட்டேன்! வீட்டுப் பெரியவர்களின் போனில் இந்த ‘ரிப்பீட் காலர்ஸ்’ ஆனில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிள்ளைகளின் எண்களை விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டால் இன்னும் நிம்மதி.

‘போனில் சத்தமே வரலை’ என்று யாராவது சொன்னால், முதலில் எந்தச் சத்தம் என்று கேளுங்கள். ரிங் சத்தம், பாட்டு - வீடியோ சத்தம், பேசும்போது காதில் கேட்கும் சத்தம், அலாரம் எல்லாவற்றுக்கும் தனித்தனி வால்யூம் இருக்கிறது. 2018-ல் வந்த ஆண்ட்ராய்டு 9-லிருந்து, பெரும்பாலான போன்களில் பக்கவாட்டுப் பட்டனை அழுத்தினால் பாட்டு - வீடியோ சத்தம்தான் கூடும். ரிங் அப்படியே இருக்கும். ‘ஃபுல்லா வெச்சும் அடிக்கலை’ என்ற புகாருக்குப் பல நேரங்களில் இதுதான் காரணம். பட்டனை அழுத்தியதும் திரையில் வரும் சின்னக் கோட்டின் அருகே உள்ள மூன்று புள்ளியையோ அம்புக்குறியையோ தொட்டால், எல்லா வால்யூமும் வரிசையாகத் தெரியும்.

ஐபோனில் இன்னொரு விசித்திரம். ரிங் பலமாக ஆரம்பித்து, போனைப் பார்த்ததும் சட்டென்று குறைகிறதா? அது ரிப்பேர் இல்லை. நீங்கள் திரையைப் பார்ப்பதை உணர்ந்து போனே குறைத்துக்கொள்கிறது. ‘ஃபேஸ் ஐடி’ செட்டிங்கில் ‘அட்டென்ஷன் அவேர்’ என்பதை ஆஃப் செய்தால் போதும்.

சில சமயம் சத்தம் எங்கேயும் போயிருக்காது. வேறு இடத்தில் கேட்டுக்கொண்டிருக்கும். ப்ளூடூத் ஆனில் இருந்தால், பீரோவுக்குள் கிடக்கும் நெக்பேண்டுக்கோ வாசலில் நிற்கும் காருக்கோ போய்விடும். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் திடீரென்று கிசுகிசுப்பாகக் கேட்டால், போனின் மேல்பகுதியை விரலோ கவரோ மறைக்கிறது என்று அர்த்தம். அங்கே இருக்கும் சென்சார், நீங்கள் போனைக் காதில் வைத்துவிட்டதாக நினைத்து, ஒலியைக் காது ஸ்பீக்கருக்கு மாற்றிவிடும். ஹெட்போனைக் கழற்றிய பிறகும் திரையில் ஹெட்போன் படம் தெரிந்தால், அந்தத் துளையில் தூசியோ ஈரமோ இருக்கலாம். இரண்டு மூன்று தடவை செருகி எடுங்கள், பிறகு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

பேசும்போது எதிர்முனைக் குரல் மட்டும் நாளுக்கு நாள் மங்குகிறது என்றால், மேலே இருக்கும் சின்ன வலையைப் பாருங்கள். முகப் பவுடர், வியர்வை, பாக்கெட்டில் இருக்கும் பஞ்சு எல்லாம் அங்கேதான் போய் அடையும். காய்ந்த, மிருதுவான பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தால் போதும். ஊசி, சேஃப்டி பின் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். வலை கிழிந்தால் செலவு நிச்சயம். புதிதாக ஒட்டிய டெம்பர்ட் கிளாஸ் அந்த இடத்தை மூடியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

தண்ணீரில் விழுந்த போனை அரிசி டப்பாவுக்குள் புதைப்பது நம் வீடுகளில் சடங்கு மாதிரி ஆகிவிட்டது. அது வேண்டாம், அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே எச்சரிக்கிறது. சார்ஜர் துளை கீழே பார்க்கும்படி பிடித்து, உள்ளங்கையில் லேசாகத் தட்டிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஹேர் டிரையர் கூடாது. காயும் வரை சார்ஜும் போடக்கூடாது.

இதற்கெல்லாம் மசியவில்லையா? கடைக்குப் போகும் முன் நீங்களே ஒரு சோதனை செய்யலாம். சாம்சங் போனில் *#0*# என்று டயல் செய்தால், பல மாடல்களில் ஒரு பரிசோதனைத் திரை வரும். அதில் ‘ஸ்பீக்கர்’, ‘ரிசீவர்’ இரண்டையும் தொட்டுப் பாருங்கள். ஒலி வந்தால் ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறது, கோளாறு செட்டிங்கிலோ ஏதோ ஆப்பிலோதான். ‘போர்டே போச்சு’ என்று யாராவது சொன்னால் எதிர்க்கேள்வி கேட்க உங்களுக்கும் தைரியம் வரும்.

அம்மா கதை இன்னும் முடியவில்லை. எல்லாம் சரிசெய்த பிறகும் அடுப்படியில் இருந்தால் அவருக்கு ரிங் கேட்கவில்லை. அப்புறம்தான் கவனித்தேன், பேரன் வைத்துக் கொடுத்த குயில் கூவல்தான் ரிங்டோன். வயதானால் காது முதலில் இழப்பது இப்படிப்பட்ட கீச்சுக் குரல்களைத்தான். 72 வயதுக் காதுக்குக் குயில் எட்டவில்லை. காது டாக்டரிடம் ஒரு செவித்திறன் பரிசோதனைக்குத் தேதி வாங்கியிருக்கிறோம். அதுவரைக்கும் ரிங்டோனைத் தவிலுக்கு மாற்றி, வைப்ரேஷனையும் சேர்த்து வைத்துவிட்டேன்.

இப்போது மூன்றாவது அடியிலேயே எடுத்துவிடுகிறார். நான் எப்போது போன் செய்கிறேன் என்பது எதிர்வீட்டு அக்காவுக்கும் தெரிந்துவிடுகிறது.