கூட்டமும் கொள்ளைநோயும்

கொள்ளைநோய்க் காலத்தில் மக்கள் வீதியிற் கூடிக் குரலெழுப்புதல் தகுமோ என்னும் வினா, கொவிட்-19 பரவிய நாட்களிலே உலகெங்கணும் எழுந்தது. 2020ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜோர்ஜ் புளொய்ட் என்னும் கறுப்பினத்தவர் பொலிசாரின் பிடியில் உயிர்நீத்தார். நீதி கேட்டு நூற்றுக்கணக்கான நகரங்களில் மக்கள் திரண்டனர். அதே வாரங்களில் அந்நாட்டு மாநிலங்கள் பல, உணவுச்சாலைகளையும் மதுச்சாலைகளையும் மீளத் திறந்துகொண்டிருந்தன. நோய் பெருகுமாயின் பழி ஊர்வலத்தைச் சாருமா, கடைதிறப்பைச் சாருமா என்பதே அன்றைய வாதம். பெருநகரங்கள் 315இன் தரவுகளை ஆராய்ந்த பொருளியலறிஞர் சிலர், ஊர்வலங்களை அடுத்துத் தொற்று ஏறியதற்குச் சான்று காணவில்லை. ஊர்வலம் நிகழ்ந்த நகரங்களில் ஏனையோர் வீட்டினுள் தங்கிவிட்டமை அதற்கொரு காரணமென அவர் கொண்டனர். ரெக்சாஸ் மாநிலமோ திறந்துவிட்ட மதுச்சாலைகளை யூன் 26ஆம் நாள் மறுபடியும் அடைக்க வேண்டியதாயிற்று.

இவ்வேறுபாடு கிருமி பரவும் முறையைப் பொறுத்தது. நோயுற்றவர் மூச்சிலும் பேச்சிலும் வெளிப்படும் நுண்துளிகள், காற்றோட்டமற்ற அறையிலே புகைபோல் தங்கித் திரளும். வெட்டவெளியிலே விரைவிற் கலைந்துபோகும். காய்ச்சல் தோன்றுவதற்கு இரண்டொரு நாள் முன்னரே ஒருவர் பிறருக்கு நோயைக் கொடுக்கக்கூடும். ஆகவே, நலமுள்ளவர்போல் தோன்றும் ஒருவரோடு மூடிய அறையில் ஓரிரவு உறங்குதல், அவரோடு வீதியில் ஒருமணிநேரம் நிற்பதினும் பன்மடங்கு இடருடையது. இதனால் வெட்டவெளி முற்றிலும் தீங்கற்றதென்று கொள்ளுதலும் பிழையாகும். 1918ஆம் ஆண்டு செப்டெம்பர் 28ஆம் நாள் பிலடெல்பியா நகரில் போர்க்கடன் திரட்டும்பொருட்டு நடந்த பேரணியிலே மக்கள் தோளோடு தோள் நெருங்கி நின்றனர். சில நாட்களுள் அந்நகர மருத்துவமனைகள் இன்புளுவென்சா நோயாளரால் நிரம்பின. கூட்டத்தின் நெருக்கமும், கூடியிருக்கும் நேரமும், சூழ்ந்துள்ள காற்றுமே இடரின் அளவை வரையறுக்கின்றன. கூடியவர் என்ன கேட்டனர் என்பது அக்கணக்கிற் சேர்வதன்று.

இனி, இவ்வளவுகோலை இலங்கையின் தோட்டப்புறத்தே வைத்து நோக்குவோம். இரத்தினபுரி மாவட்டத்திலே, சிங்கராச வனத்தின் கீழ்ப்புற மலைகளை அடுத்து அமைந்தது இறக்குவானை. 2020 மார்ச் 20ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது, தேயிலைத் தோட்டங்களுக்கு விலக்களிக்கப்பட்டது. ஏற்றுமதி நிற்றலாகாது என்பது நியாயம். மே மாதத்தில் நகரங்கள் கடைதிறப்பைக் கொண்டாடியபோது, தோட்டத்திலே திறப்பதற்கு அடைக்கப்பட்டதொன்றும் இருக்கவில்லை.

கொழுந்து பறிக்கும் மலை அகன்ற வெளி. நிரைக்கொருவராய் நிற்கும் பெண்களிடையே காற்று வீசுகின்றது. ஆனால் கொழுந்து நிறுக்கும் மடுவம், பிள்ளைக்காம்பரா, ஆட்களை ஏற்றிச்செல்லும் லொறி, இறுதியில் லயம் என்னும் இவையெல்லாம் நெருக்கமானவை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவிலே பிரித்தானியர் காலத்திற் கட்டப்பட்ட காம்பராவில் மூன்று தலைமுறையினர் ஒருங்குறைவதுண்டு. சுவருக்கு அப்பாலும் அத்தகையதொரு குடும்பமே உறையும். நோயுற்றவரைத் தனிமைப்படுத்துக என்னும் அறிவுரை தனியறை உடையோருக்கே பொருந்தும். அன்றியும், பிரட்டுக்குச் செல்லாதவர்க்குப் பேர் இல்லை. பேர் இல்லையேல் அன்றைய கூலியும் இல்லை. இருமலை மறைத்துக்கொண்டு மலைக்கேறியவரை அறியாமையுடையோர் எனப் பழித்தல் எளிது. பதினான்கு நாட் கூலியை இழந்து வாழ்வதெவ்வாறு என்பதற்கு அங்ஙனம் பழிப்போரிடத்தில் விடையில்லை.

நகரத்தின் கடைதிறப்பு மலையகத்தை வேறொரு வழியாலும் தொட்டது. தோட்டத்து இளைஞர் பலர் கொழும்பிலே கடைகளிலும் உணவகங்களிலும் தொழில் புரிபவர். 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத்தொழிற்சாலையிலும், பின்னர் பேலியகொடை மீன்சந்தையிலும் தொற்றுப் பெருகியது. நவம்பர் 14 தீபாவளி. ஊர்திரும்பும் இளைஞரோடு நோயும் லயங்களிற் புகுமென அஞ்சி, நவம்பர் 11 நள்ளிரவு முதல் மேல்மாகாணத்தைவிட்டு வெளியேறுதல் தடைசெய்யப்பட்டது. அவ்வச்சம் நியாயமானதே. மகனைக் காணாத தீபாவளியின் துயரும் மெய்யே.

இந்நிலையிலே கூலிப் போராட்டமும் நிகழ்ந்தது. நாட்கூலி 1000 ரூபா வேண்டி, 2021 பெப்ரவரி 5ஆம் நாள் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசின் அழைப்பின்பேரில் தோட்டங்களில் ஒருநாள் வேலைநிறுத்தம் நடைபெற்றது. நோய்க் காலத்திற் போராட்டமா என வினவியோர் ஒன்றை மறந்தனர்: வேலைநிறுத்தத்தன்று மடுவமும் லொறியும் வெறுமையாகின்றன! அடுத்த மாதமே 900 ரூபா அடிப்படைக் கூலியும் 100 ரூபாப் படியுமாக அக்கோரிக்கை வர்த்தமானியிலே ஏறியது.

சட்டம் கூட்டத்தின் நெருக்கத்தை அளந்ததா, நோக்கத்தை அளந்ததா என்பதை அவ்வாண்டு யூலை மாதம் தெளிவாகக் காட்டிற்று. யூலை 6ஆம் நாள் சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகத்தின் அறிவுறுத்தலால் ஆர்ப்பாட்டங்களுக்கும் பொதுக்கூட்டங்களுக்கும் தடை வந்தது. யூலை 8ஆம் நாள் கொத்தலாவலைப் பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்துக் கூடியவர்கள் கைதாயினர். இலங்கை ஆசிரியர் சங்கத்தின் பொதுச்செயலாளர் ஜோசப் ஸ்டாலின் உள்ளிட்டோர், நீதிமன்றம் பிணை வழங்கிய பின்னரும், முல்லைத்தீவு கேப்பாப்புலவில் உள்ள தனிமைப்படுத்தல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தொற்றுக்கு அஞ்சி, வெளியில் நின்றவரை வாகனத்தில் ஏற்றி நெடுந்தொலைவு கொண்டுசெல்லுதல் எவ்வகை மருத்துவமென விளங்கவில்லை. அதே வாரத்தில் திருமண மண்டபங்களுக்கும் திரையரங்குகளுக்கும் விதிகள் தளர்த்தப்பட்டன. கூரையின்கீழ்க் கூடுதற்கு அனுமதி; வானத்தின்கீழ்க் கூடுதற்குத் தடை! ஆர்ப்பாட்டக்காரரும் நெருங்கி நின்று முழங்கினர் என்பது உண்மை; இடைவெளி விடுமாறு அவரைப் பணித்திருக்கலாம். நோக்கத்தைப் பார்த்து விதியை வளைத்தமையால், சுகாதார அதிகாரிகளின் மெய்யான எச்சரிக்கையையும் மக்கள் ஐயுறத் தலைப்பட்டனர்.

ஓகஸ்ட் மாதத்தில் டெல்டா என்னும் திரிபு நாட்டை வாட்டியது. மாத இறுதியில் நாளொன்றுக்கு 200க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஓகஸ்ட் 20 இரவு முதல் ஒக்டோபர் முதலாம் நாள் வரை நாடு மீண்டும் மூடப்பட்டது. அப்போதும் தோட்டத்தொழிலுக்கு விலக்கு இருந்தது; விடியலில் பிரட்டு நடந்தது; மாலையில் நிறுவை முடித்த பெண்கள் கொழுந்துக்கூடையோடு அதே லயத்துக்குத் திரும்பினர்.